லம் என்றால் புகைபோக்கி

ஒரு அலமாரிக்கு இங்கிலீஷில் எத்தனை பேர் உண்டு என்று படித்தவர்களைக் கேட்டால், ஒன்றோ இரண்டோ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பங்களாவில் ஆயா வேலை பார்த்தவளைக் கேட்க வேண்டும். உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டப் பங்களாவில் சுவரோடு சேர்ந்த அலமாரிக்கு ‘பிரஸ்’ என்று பேர். அங்கிருந்து ஒரு நாள் நடை, சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அதே தேக்கு, அதே பித்தளைக் குமிழ், ஆனால் பேர் ‘கப்போர்டு’. இறைச்சி வைக்கிற பெரிய தட்டு அங்கே ‘ஆஷெட்’, இங்கே ‘டிஷ்’. துணிப்பெட்டி அங்கே ‘கிஸ்ட்’, இங்கே ‘செஸ்ட்’. துடைக்கிற துணி அங்கே ‘க்ளூட்’, இங்கே ‘கிளாத்’. துரைமார் எல்லாருக்கும் ஒரே ஊர், ஒரே பேச்சு என்று கூலி லயத்தில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குள்ளும் வடக்குச் சீமை, தெற்குச் சீமை உண்டு. ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் சொல்லிக்காட்டிச் சிரிப்பதும் உண்டு. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பேச்சைக் கேட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்கவில்லையா, அது மாதிரிதான்.

இதையெல்லாம் தமாஷுக்கு எழுதவில்லை. அந்தச் சொற்களில் இரண்டு இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கின்றன. லம் என்றால் புகைபோக்கி. ஸ்னெக் என்றால் தாழ்ப்பாள். இந்த இரண்டுக்கும் அர்த்தம் தெரிந்தவள், சொன்னவரைத் தவிர, அன்றைக்கு அந்தப் படுக்கையறையில் நான் ஒருத்திதான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடத் தெரியாதவள் என்று போன இடமெல்லாம் பேர் வாங்கிய நான்.

நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாண்டி, நிலக்கடலையும் சோளமும் போடுகிற வீட்டில். நாலாம் வகுப்பு வரை படித்ததில் தமிழ் எழுத்து கைக்கு வந்தது. இருபத்திரண்டு வயதில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அண்ணன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். என் முன்னால் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். மகளை அங்கே விட்டுவிட்டு, மலைக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு ஏறிவிட்டேன். என்றாவது ஒரு நாள் மகளை என்னிடம் கூட்டிக்கொள்ள வேண்டும், அந்தத் தட்டுச் சத்தம் அவள் காதில் ரொம்ப நாள் விழக்கூடாது. அதற்காகத்தான் மற்ற எல்லாம்.

ஏலக்காய் பறிக்கப் போனவளை, குழந்தையைத் தூக்கத் தெரிகிறது என்று ஏலத்தோட்டப் பங்களாவில் ஆயாவாக எடுத்தார்கள். அந்தத் துரையும் துரைசானியும் வடக்குச் சீமைக்காரர்கள். சனிக்கிழமை தோறும், அறைக்குள் தீ மூட்டுகிற கணப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘லம், லம்’ என்று அந்த அம்மாள் மேலே கையைக் காட்டுவார். கதவைச் சாத்தினால் ‘ஸ்னெக்’ என்பார். நான்கு வருஷத்தில் அந்த வீட்டுச் சாமான் அத்தனைக்கும் அவர்கள் பேச்சு எனக்கு வந்துவிட்டது. இங்கிலீஷ் என்றால் அதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று துரைசானி என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. “நான் திங்கறதுன்னா டப்பாவோட தின்னிருப்பனுங்க. இப்படி அணில் மாதிரிக் கொறிச்சிருக்க மாட்டனுங்க” என்றேன். பட்லர் அதை ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னார். மறுநாள் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பங்களா வேலைக்காரர்களுக்குச் சீட்டுத்தான் உயிர். இன்னார் எங்களிடம் இத்தனை காலம் இருந்தார், இப்படிப்பட்டவர் என்று துரைசானி எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அது இல்லாமல் அடுத்த பங்களாவின் வாசல்படி ஏற முடியாது. எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்று அதைத் துணியில் சுற்றி, நான்கு பங்களாக்களுக்குப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நான்கு இடத்திலும் படித்துவிட்டுச் சிரித்தார்கள், ஆள் வேண்டாம் என்றார்கள். நாலாவது பங்களாவின் பட்லர் மனசு கேளாமல் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

“தாயி, இதுல என்ன எழுதிருக்குன்னு தெரியுமா? கை சுத்தம், வாயி மட்டும் ஊட்டுக் கூரையப் பிரிச்சிரும், அப்படின்னு எழுதிருக்கு. இதப் போயி நீயே தூக்கிட்டுத் திரியுறியே.”

என் குற்றப்பத்திரிகையை நானே சுமந்து வாசல் வாசலாகக் காட்டியிருக்கிறேன். போகிற வழியில் ஒரு டீக்கடை அடுப்பில் அதைப் போட்டேன். எரிகிறவரை நின்று பார்த்தேன்.

அப்புறம் செய்தது மலையில் நிறையப் பேர் செய்கிற காரியம். பூப்பாறைச் சந்தையில் ஒரு அம்மாள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். குன்னூரில் தெற்குச் சீமைக்காரர் வீட்டில் பத்து வருஷம் ஆயாவாக இருந்தவர். கண்ணில் பூ விழுந்து வேலையை விட்டவர். அவரிடம் நல்ல சீட்டு ஒன்று சும்மா கிடந்தது. கேட்டேன், கொடுத்தார். எப்போது திருப்பிக் கேட்டாலும் தர வேண்டும் என்பது ஒன்றுதான் பேச்சு. சீட்டோடு அவர் பேரும் எனக்கு வந்தது. குன்னூர் இங்கிலீஷையும் அவரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிரஸ் இல்லை, கப்போர்டு. லம் இல்லை, சிம்னி. ஸ்னெக் இல்லை, லாச். “பழச ஒண்ணையும் வாயில வெச்சுக்காத. அது உன்னக் காட்டிக் குடுத்துரும்” என்றார்.

காட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சந்தையிலேயே ஒரு முறை பார்த்திருந்தேன். இன்னொருவர் சீட்டில் வேலை பார்த்த ஒரு பட்லரை, சட்டையைக் கழற்றச் சொல்லி, வாட்ச்மேன் இரண்டு பேர் போடி இறக்கம் வரை நடத்திக்கொண்டு போனார்கள். பெண்சாதி பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். துரைமார் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளப்பில் கூடுவார்கள். ஒரு பேர் அங்கே கெட்டுவிட்டால் மலை முழுக்கக் கெட்டுவிடும்.

சின்னக்கானல் பங்களாவில் அந்தச் சீட்டைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெரிய வெள்ளத்துக்கு இரண்டு மழைக்காலம் முந்தி அது. சேர்ந்த அன்றே வாய் தவறிவிட்டது. சமையற்கட்டில், “கரண்டியெல்லாம் எந்தப் பிரஸ்ஸுல வெக்கறதுங்க?” என்று கேட்டுவிட்டேன். சமையல்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாகத் துரைமாருக்கு ஆக்கிப் போட்டவர். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குன்னூர்லருந்து வாரேன்னு சொன்னாவ. குன்னூர்ல கப்போர்டுல்லா?” என்றார். நான் கரண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். “சரி, சரி. எனக்கென்னத்துக்கு. ஆனா உள்ள போயி அந்தச் சொல்லச் சொல்லிராத, தங்கச்சி. இந்தத் துரைக்கு வடக்குச் சீமைக்காரவன்னாலே எளக்காரம்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பயம். ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் வந்தால் மட்டும் “என்ன பிரஸ்ஸம்மா” என்று கூப்பிட்டு என் வாயை அடைப்பார்.

துரைசானிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மெலிந்த கை, எப்போதும் எதையோ காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு முகம். பேச்சை அளந்து அளந்து பேசுவார். துரை கெட்டவர் இல்லை. உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்து வடக்குச் சீமைத் துரை சாப்பாட்டுக்கு வந்து ‘ஆஷெட்’ என்று சொல்லிவிட்டார். அவர் போனதும் எங்கள் துரை அவர் மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு அதை நான்கு தடவை சொல்லிச் சிரித்தார். துரைசானியும் கூடச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

ஏன் என்று எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. அப்போது அவருக்கு ஏழு மாதம். பிறக்கப்போகிற குழந்தைக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது கை பட்டு விளக்கு சாய்ந்து எண்ணெய் மேஜையில் ஓடியது. “க்ளூட், க்ளூட்” என்றார். நான் யோசிக்கவே இல்லை, துடைக்கிற துணியை எடுத்து நீட்டிவிட்டேன்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். குன்னூர் ஆயாவுக்கு அந்தச் சொல் தெரியக்கூடாது. துரையின் பெண்சாதிக்கும் அந்தச் சொல் வாயில் வரக்கூடாது. அவர் என் முகத்தையே பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் நிதானமாக, “கிளாத்” என்றார். “எஸ் மேம், கிளாத்” என்றேன். அதோடு சரி. அப்புறம் இரண்டு பேருமே அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. நான் கடன் வாங்கின பேரில் இருக்கிறேன், அவர் கடன் வாங்கின பேச்சில் இருக்கிறார். அந்தப் பெரிய பங்களாவில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

ஆடியில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. நான்தான் முதலில் குளிப்பாட்டினேன். மலையில் ஆடி மழை என்றால் பகலுக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சுவரெல்லாம் வேர்த்துக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பதினெட்டு நாள் ஆனபோது துரைசானிக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையும் பார்க்கிற டிரஸ்ஸர் வந்து பார்த்தார். மலையாளக்காரர். துரையிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆயா, ரூமை நல்லா சூடாக்கி வெக்கணும். ஜன்னல் ஒண்ணும் தொறக்கப் பாடில்ல, கேட்டோ.”

படுக்கையறைக் கணப்பு போன குளிர்காலத்துக்குப் பிறகு பற்றவைக்கப்படவே இல்லை. விறகு போட்டால் துரைசானிக்கு இருமல் வரும் என்று துரை அடுப்புக்கரி போடச் சொன்னார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, சமையற்கட்டிலிருந்து ஒரு சட்டி நிறையக் கனிந்த கரியை நானே கொண்டுபோய்க் கணப்பில் கொட்டினேன். விறகாக இருந்திருந்தால் அப்போதே அறை முழுக்கப் புகை சூழ்ந்திருக்கும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கரியில் புகை இல்லை. சிவப்பாக, அழகாகக் கனன்றது. குழந்தையின் தொட்டிலைக் கணப்புக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டோம். ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணியைத் திணித்தேன். அதையும் நான்தான் செய்தேன். கரி தணியத் தணியப் புதிது கொட்டியதும் நான்தான்.

எட்டு மணிக்குக் குழந்தைக்குத் துணி மாற்றப் போனேன். துரைசானி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். துரை பக்கத்தில் நின்றார். டிரஸ்ஸர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். துரைசானி என்னைப் பார்த்ததும், “லம்” என்றார். “லம்... ஸ்னெக்... ஸ்னெக்.”

துரை குனிந்து ஏதோ கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அளந்து பேசுகிற பேச்சு எல்லாம் எங்கோ போய்விட்டது. ஏலத்தோட்டத்து அம்மாள் பேசுகிற மாதிரியே தொண்டையிலிருந்து வந்தது. துரைக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், “ஜன்னி ஆயா. பெத்த ஒடம்பல்லே, வாயில வந்ததப் பறையும்” என்றார்.

ஜன்னி இல்லை. எனக்குத் தெரியும். புகைபோக்கி, தாழ்ப்பாள், திற என்கிறார். அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கும் உள்ளே போனால் தலை கனத்தது, வெளியே வந்தால் விட்டது. அதையும் கவனித்தேன். வாயைத் திறக்கப் போனேன். அப்போது அந்தப் பட்லரும் அவர் பின்னால் பானையோடு ஓடின பெண்சாதியும் கண் முன்னால் வந்தார்கள். குன்னூர்க்காரிக்கு லம் எப்படித் தெரியும் என்று துரை கேட்பார். கிளப்பில் கேட்பார். ஏலத்தோட்டத்துத் துரை, ஓ அவளா என்பார். அப்புறம் போடி இறக்கம், அப்புறம் அண்ணி வீட்டுத் தட்டுச் சத்தம், எனக்கும் என் மகளுக்கும்.

பேசாமல் போய் ஜன்னலை மட்டும் ஒரு விரல்கடை திறந்தேன். துரை பார்த்துவிட்டார்.

“ஆயா, ஜன்னல் யார் தொறந்தது? கொழந்தக்கி குளிர் வரும். மூடு.”

“தலைவலிக்குதுங்கறாங்க, தொர. கொஞ்சம் காத்து...”

“மூடு.”

மூடினேன். கணப்பைக் குனிந்து பார்த்தேன். ஒரு இழை புகை இல்லை. புகை இல்லையென்றால் புகைபோக்கிக்கு என்ன, காய்ச்சலில் ஏதோ தோன்றுகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுஷனுக்குத் தேவையான பொய் தேவையான நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

மத்தியானம் சமையற்கட்டுக்குப் போனேன். அது பங்களாவை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கும். சமையல்காரரிடம் சொன்னேன். “அண்ணாச்சி, துரைசானி லம்முன்னு சொல்றாங்க, ஸ்னெக்குன்னு சொல்றாங்க. துரைக்குப் புரியலீங்க. எனக்குப் புரியுது.”

அவர் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். அவருக்கும் அந்தச் சொற்கள் தெரியும். “காய்ச்சல்காரவ என்னமாச்சும் சொல்லுவாவ. டிரஸ்ஸர் இருக்காருல்லா. நீ ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி, நாளைக்கு ஒஞ் சீட்டத் தோண்ட ஆரம்பிச்சாம்னா என்ன செய்வ? சும்ம இரி, தங்கச்சி.” பிறகு, “கொழந்த எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லா சிவந்திருக்குதுங்க” என்றேன். “கன்னமெல்லாம் ரோஜாப் பூவாட்டம் இருக்குது. இத்தன நாள்ல இப்படிப் பாத்ததில்லீங்க.”

“பின்ன என்ன. அறை சூடு ஒத்துக்கிட்டு.”

இரண்டு பேருக்கும் அதில் சந்தோஷம். அவர் தடுத்ததால் நான் பேசாமல் இருந்தேன் என்று எழுத எனக்குக் கை வராது. யாராவது தடுக்க மாட்டார்களா என்றுதான் நான் அங்கே போனேன்.

இரண்டு மணிக்குத் துரைசானி தனியாக இருந்தார். துரை ஆபீஸ் அறையில் இருந்தார், டிரஸ்ஸர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் போனதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது. துரையைப் பார்த்துச் சொல்லவில்லை, மேலே பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்து, எனக்கு என்று சொன்னார். “லம்.” ஒரு விரலை ஜன்னல் பக்கம் தூக்கினார். “ஸ்னெக்.”

நான் குனிந்து, குன்னூர் இங்கிலீஷில், “பேபி ஸ்லீப்பிங், மேம். குட் பேபி” என்றேன்.

அவர் என் முந்தானையை விட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அந்தக் கை விட்டது மாதிரி எதுவும் என்னைக் குத்தினதில்லை.

நான்கு மணிக்குக் குழந்தையைப் பாலுக்கு எடுத்தேன். கன்னம் அதே ரோஜா நிறம். கை கால் துவண்டு தொங்கின. தலை என் கையை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அப்புறம் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வராது. கணப்புக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஜன்னல் கண்ணாடியை அடித்து நொறுக்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று. மழையும் காற்றும் உள்ளே வந்தன. துரை ஓடி வந்தார். என் கையில் கம்பி, தோளில் அவர் குழந்தை.

“லம் அடைச்சிருக்குதுங்க” என்று சொன்னேன். “லம்முன்னா சிம்னிங்க, தொர. சிம்னி அடைச்சிருக்குது, ஸ்னெக்கத் தொறன்னு சொல்றாங்க. காலையிலிருந்து சொல்லிட்டே இருக்காங்க.”

காலையிலிருந்து என்று நானே சொன்னேன்.

துரை ஒரு நொடி என்னைப் பார்த்தார். துரைசானியைத் தூக்கி வெராண்டாவில் கிடத்திவிட்டு, அந்த மழையில் ஏணி வைத்து அவரே கூரைமேல் ஏறினார். புகைபோக்கி வாயிலிருந்து ஒரு கோணிச் சாக்கை உருவி எடுத்தார். கோடையில் வௌவால் இறங்குகிறது என்று தோட்டக்காரர் திணித்தது. மழை பிடித்ததும் எடுத்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு இறங்கியவர் திரும்பவில்லை, வேறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மழையில் நனைந்து கனத்த அந்தச் சாக்கைக் கையில் பிடித்தபடி துரை கூரைமேலேயே ரொம்ப நேரம் நின்றார்.

துரைசானிக்கு மறுநாள் நினைவு தெளிந்தது. குழந்தை பிழைக்கவில்லை. பங்களாவுக்குப் பின்னால் மேட்டில் வைத்தார்கள். துணி சுற்றிக் கொடுத்தது நான்தான்.

அந்தச் சொற்களை எங்கே கற்றாய் என்று துரை கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். முதல் நாள் காத்திருந்தேன், ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. ஒரு ஆயாவின் சீட்டை நினைக்கிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை. எந்தக் கேள்விக்குப் பயந்து எட்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வாயை மூடினேனோ, அந்தக் கேள்வி வரவே இல்லை. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்துத் துரைசானி கப்பலுக்குக் கிளம்பினார். தனியாகத்தான். போகிற அன்று காலையில் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல் இருக்கும். “என் அப்பா,” என்று சொல்லிவிட்டுத் தரையைக் காட்டினார், இன்னும் கீழே, கீழே என்று கையை இறக்கினார். “கரி. கரி வெட்டறது.” சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர் மகள். புகை இல்லாமல், கன்னத்தைச் சிவக்க வைத்தே ஆளைக் கொல்கிற கெட்ட காற்று என்றால் என்ன என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர். பிறகு மேஜையைக் காட்டினார், அன்றைக்கு எண்ணெய் கொட்டின அதே மேஜை. “க்ளூட்” என்றார். “நீ குடுத்தது. எனக்கு தெரியும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் காலைப் பிடித்து அழுதிருப்பேன். அப்படி எதற்கும் இடம் கொடுக்காமல், மடித்த ஒரு காகிதத்தைக் கையில் வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கிடம் அதைக் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். மோசமான சீட்டாகத்தான் இருக்கும், இருந்தால் அடுப்பில் போட்டுவிட்டு மலை இறங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் படித்தார்.

“இதைக் கொண்டுவருகிறவள் என்னிடம் ஆயாவாக இருந்தாள். சுத்தமானவள். குழந்தையிடம் அன்பானவள். நான் சொன்னது ஒவ்வொன்றும் இவளுக்குப் புரிந்தது.” கிளார்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “ஒசந்த சீட்டு. பத்திரமா வெச்சுக்கோ. எங்க போனாலும் வேல கெடைக்கும்” என்றார்.

பேர் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த பேர் என் பேர் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூப்பாறை அம்மாளின் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடன் இல்லாமல் எனக்கே எனக்கு என்று இருந்தது அதன் பிறகு இது ஒன்றுதான்.

கிளார்க் சொன்னது சரி. வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே மகளைக் கூட்டிக்கொண்டேன். ஆனைக்கரையில், தேவிகுளத்தில், பதினைந்து வருஷத்தில் ஐந்து பங்களா. ஒவ்வொரு துரைசானியும் அந்தச் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, கடைசி வரியில் வந்து நின்று, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். உடனே எழுந்து போய், தூங்குகிற தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுப்பார்கள்.